பாதாம் வடிவ நகம்: நீளம் பார்த்து அராவும் முறை

பாதாம் பருப்பு ஒன்றை எடுத்து, கூர்ப்பக்கம் மேலே வருமாறு விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். அடி அகலம். இரண்டு பக்கமும் மெல்ல உள்ளே சாய்கிறது. முனை கூராக முடியாமல் உருண்டு முடிகிறது. நகத்தில் வர வேண்டியது இதுதான். முனை அகலமாக நின்றுவிட்டால் அது முட்டை வடிவம், ஊசிபோல் முடிந்தால் ஸ்டிலெட்டோ. பாதாம் இரண்டுக்கும் நடுவில். குட்டையான விரலையும் அகன்ற நகத்தையும் ஒடுக்கி நீட்டிக் காட்டுவதால் கலியாணப் பெண்கள் இதை விரும்பிக் கேட்கிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. நகத்தின் பலம் அதன் இரண்டு பக்க ஓரங்களில் இருக்கிறது. பாதாம் வடிவமோ அந்த ஓரங்களை அராவினால்தான் கிடைக்கும். எவ்வளவு அராவலாம் என்பதை நீளம்தான் தீர்மானிக்கும். ஆகவே சலூனில் படத்தைக் காட்டி "இப்படி வேணும்" என்று கேட்பதற்கு முன்பே நீளத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பி, விரல் சதைக்கு மேலே எட்டிப் பார்க்கும் நகத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். 2 முதல் 4 மில்லிமீற்றர் என்றால் குட்டை, 5 முதல் 8 வரை நடுத்தரம், அதற்கு மேல் நெடுநகம். 2 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருக்கும் நகத்தில் பாதாம் வராது. வலிந்து செய்தால் அரம் சதையோரத்தில் இறங்கும், நகம் சதைக்குள் குத்தி வளரவும் இடமுண்டு. வட்டமாக அராவிவிட்டுக் காத்திருப்பதே நல்லது. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். நடுவிரல் முந்தும், பெருவிரலும் சுண்டுவிரலும் பிந்தும். பத்து நகமும் ஒரே அளவாக வேண்டுமென்றால் பிந்தி வளரும் நகத்தின் அளவுக்கே மற்றவற்றைக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து, அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சோற்றைக் குழைத்துச் சாப்பிடும் வலக்கையில் 6 மில்லிமீற்றர் நகம் இருந்தால் ஒவ்வொரு நேரமும் நகத்தின் கீழ் பருப்பும் குழம்பும் தங்கும். தேங்காய்ப்பால் பிழிபவர், புட்டுக்கு மா குழைப்பவர், பனங்காய் பிசைந்து களி எடுப்பவர் குட்டை நீளத்தைத் தாண்டக் கூடாது. பனந்தும்பு நகத்தின் பக்கத்தில் கொளுவி இழுத்தால் நகம் சதையிலிருந்து பிரிந்துவிடும். பெருவிரலால் நுங்கு தோண்டிச் சாப்பிடுபவர்கள் அந்த ஒரு நகத்தை மட்டுமாவது குட்டையாக விடுங்கள். வயலின் வாசிப்பவருக்கு இடக்கையில் எந்த நீளமும் ஆகாது. வலக்கைக்கு 3, இடக்கைக்கு 5 என்று வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. வடிவம் ஒன்றாக இருந்தால் 2 மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. நகத்தை ஒரே அளவாக வைத்து, தினமும் ஒன்றை உடைத்துக்கொள்வதை விட இது எவ்வளவோ மேல்.

அராவத் தேவையானவை கொஞ்சம்தான். சொந்த நகத்துக்கு 240 எண் அரம் (எண் கூடக் கூட அரத்தின் சொரசொரப்புக் குறையும்), அல்லது கண்ணாடி அரம். நகம் தடித்தவர்களுக்கு 180. 100 எண் அரம், தூளும் திரவமும் சேர்த்துக் கட்டும் அக்ரிலிக் நகத்துக்கும் ஜெல் பூச்சுக்கும் மட்டும். அதைச் சொந்த நகத்தில் வைத்தால் ஓரம் வெடித்து, பிறகு தாள் தாளாக உரியும். இரும்பில் செய்த பழைய அரத்தையும் தூக்கி வையுங்கள். ஒரு பேனை, ஒரு நெயில் கட்டர், கொஞ்சம் அசிட்டோன், இவ்வளவு போதும்.

நகம் காய்ந்திருக்க வேண்டும். குளித்த கையோடு, பாத்திரம் கழுவிய கையோடு அராவாதீர்கள். நீரை உறிஞ்சிய நகம் மென்மையாகி அரத்தில் கிழியும். அரை மணி நேரமாவது விடுங்கள். நெயில் கட்டரால் நடுவில் ஒரே கடியாக நறுக்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் நகம் நடுவே பிளக்கும். பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக நறுக்கி, வேண்டிய நீளத்துக்கு 1 மில்லிமீற்றர் கூடுதலாக நிறுத்துங்கள். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது மையப் புள்ளி. பலர் பிழை விடுவது இங்கேதான். நக முனையின் நடுவைப் பார்த்துப் புள்ளி வைத்தால் நகம் ஒருபக்கம் சாயும். ஏனென்றால் பழைய அராவலில் முனை ஏற்கெனவே கோணியிருக்கும். நகத்தின் அடியில், தோல் தொடங்கும் வளைவின் நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நேர்கோடாக மேலே வந்து முனையில் பேனையால் குத்துங்கள். சுண்டுவிரல் பலருக்கு உள்பக்கம் வளைந்திருக்கும். அதில் விரலின் திசையைப் பாராமல் நகத்தின் திசையையே பாருங்கள்.

சுட்டுவிரலை எடுத்துக்கொள்வோம். அரத்தை நகத்தின் பக்க ஓரத்தோடு சமாந்தரமாகப் பிடித்து, ஓரத்தில் துருத்தி நிற்பதை மட்டும் இரண்டு இழுப்பில் நேராக்குங்கள். நகம் சதையை விட்டு வெளியே வரும் இடம் இரண்டு பக்கத்திலும் இருக்கிறதே, அதுதான் நகம் அதிகம் உடையும் இடம். அங்கே அரம் படவே கூடாது. குட்டை நகத்தில் அந்த இடத்துக்குச் சற்று மேலேயே சாய்வு தொடங்கும், வேறு இடமில்லை. நடுத்தர நகத்தில் 2 மில்லிமீற்றர் நேராக விட்டு அதன் பின் சாயுங்கள். நெடுநகத்தில் வெளியே நிற்கும் பகுதியின் மூன்றில் ஒரு பங்கு நேராகவே நிற்கட்டும்.

சாய்வு தொடங்கும் இடத்திலிருந்து புள்ளியை நோக்கி அரத்தை ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் வாள்போல் அறுத்தால் ஓரத்து அடுக்குகள் பிரியும். அரத்தின் முகம் நகத்தின் அடிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும், மேற்பக்கத்தின் தடிப்புக் குறையாது. ஒரு பக்கம் ஐந்து இழுப்பு, மறுபக்கம் ஐந்து இழுப்பு, பிறகு நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இரண்டும் ஒருநாளும் ஒத்துவராது. இரண்டு சாய்வும் புள்ளியில் சந்திக்கும்போது நகம் ஓலைக்கூரையின் முகடு மாதிரிக் கூராக நிற்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும். அந்த முகட்டின் மேல் அரத்தைத் தொட்டில் ஆட்டுவதுபோல் மூன்று நான்கு முறை மெதுவாக உருட்டினால் கூர் மழுங்கி வளைவாகும். முனையின் அகலம் நகத்தின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இருந்தால் பாதாம். அதைவிடக் கூடினால் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது, குறைந்தால் உடைவதற்குத் தயாராகிவிட்டது.

மேலே இருந்து பார்த்தால் மட்டும் போதாது. கையைத் திருப்பி உள்ளங்கைப் பக்கமாகப் பாருங்கள், ஒரு பக்கம் கூட அராவப்பட்டிருந்தால் அங்கே உடனே தெரியும். விரலை முகத்துக்கு நேரே நீட்டி முனைப்பக்கமாகவும் பாருங்கள். சிலருக்கு நகம் கிளிமூக்குப்போல் கீழே வளைந்து வளரும். அவர்கள் 4 மில்லிமீற்றரைத் தாண்டினால் பாதாம் அழகாக இராது, குட்டையே பொருந்தும். மேலே போகப்போக விசிறிபோல் விரியும் நகத்துக்கு நடுத்தர நீளம்தான் சரி. குட்டையில் அந்த விரிவை ஒடுக்க முடியாது.

பூச்சுக்கும் நீளத்துக்கும் தொடர்பு உண்டு. குட்டைப் பாதாமில் இடம் குறைவு. ஒரே நிறம், அல்லது முனையில் 1 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேல் பூவும் கல்லும் வைத்தால் விரல் இன்னும் கட்டையாகத் தெரியும். எங்கள் தோலின் நிறத்துக்கு வெளிறிய இளஞ்சிவப்பை விட கருப்பட்டி நிறம், பால் கலந்த தேநீரின் நிறம், செங்கல் நிறம் இவை எடுப்பு. நகம் அகலமாக இருப்பவர்கள் கியூட்டெக்ஸ் பூசும்போது இரண்டு ஓரத்திலும் நூலளவு இடைவெளி விடுங்கள். நகம் உடனே ஒடுங்கித் தெரியும்.

நடுத்தர நீளத்தில்தான் பாதாம் முழு அழகோடு தெரியும் என்பது எங்கள் துணிபு. வெள்ளை முனை போடும் பிரெஞ்சு முறையில் கோட்டை நேராக இழுத்தால் இந்த வடிவத்துக்கு அது தொப்பி வைத்தாற்போல் இருக்கும். இரண்டு பக்க ஓரமும் நன்றாகக் கீழே இறங்கி, நடுவில் உயரும் ஆழமான வளைவாகக் கோடு போக வேண்டும். நெடுநகத்தில் என்ன செய்தாலும் இடம் உண்டு. கல் பதிப்பதென்றால் மட்டும் நகத்தில் தோல் தொடங்கும் பக்கமாகப் பதியுங்கள். முனையில் பதித்த கல் சேலைச் சரிகையில் கொளுவும்.

வெள்ளை முனைக்கு எதிரி மஞ்சள். ஒரு வேளை மீன்குழம்பு போதும், வெள்ளை மஞ்சளாகிவிடும். அராவிச் சுரண்ட வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வெயிலில் சிறிது நேரம் கையை வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு வெளிறும். இன்னொன்று யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர். சுண்ணாம்புக் கல்லில் ஊறும் நீர் ஆதலால் சவர்க்காரம் நுரைக்காமல் ஒரு வெண்படலமாக நகத்தில் தங்கும். அதன் மேல் கியூட்டெக்ஸ் பூசினால் இரண்டு நாளில் தகடாக உரியும். பூசுமுன் அசிட்டோன் நனைத்த பஞ்சால் நகத்தை ஒருமுறை துடையுங்கள். பிறகு பேஸ் கோட் என்ற அடிப்பூச்சு, நிறத்தில் மெல்லிதாக இரண்டு பூச்சு, டொப் கோட் என்ற மேற்பூச்சு. ஒவ்வொரு முறையும் முனையின் விளிம்பையும் தூரிகையால் தொட்டுவிடுங்கள். பூச்சு முதலில் விடுவது அந்த விளிம்பில்தான். அசிட்டோனும் கியூட்டெக்ஸும் சட்டென்று தீப்பிடிப்பவை. குசினி அடுப்படியிலோ சாமி விளக்குக்குப் பக்கத்திலோ இருந்து பூச வேண்டாம்.

நகம் பக்கத்தில் கீறிவிட்டதென்றால், பயன்படுத்தாத தேயிலைப் பையின் தாளைச் சின்னத் துண்டாக வெட்டி, கீறலின் மேல் பேஸ் கோட் தடவி ஒட்டி, காய்ந்த பின் இன்னொரு பூச்சுக் கொடுங்கள். ஒரு கிழமை தாங்கும். கீறல் சதை வரை இறங்கியிருந்தால் ஒட்டுவதை விட்டு, பத்து நகத்தையும் குட்டையாக்கிவிடுங்கள்.

9 மில்லிமீற்றருக்கு மேல் சொந்த நகம் தனியே தாங்குவது அரிது. பில்டர் ஜெல் (நகத்துக்குப் பலம் சேர்க்கும் தடித்த ஜெல்) அல்லது அக்ரிலிக் மேலே வேண்டும். அதில் தடிப்பு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். நகம் சதையை விட்டு வெளியே வரும் இடத்தின் மேல் மெல்லிய முதுகுபோல் உயர்ந்தும், முனையில் மெல்லிசாகவும் இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே தடிப்பென்றால் பாரம் கூடி, முட்டுப்பட்டால் சொந்த நகத்தோடு சேர்ந்து உடையும். நகம் வளர வளர அந்த முதுகு முன்னால் போய்விடும். அதனால்தான் மூன்று கிழமைக்கு ஒருமுறை நிரப்பச் சொல்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் நெடியும், அசிட்டோனில் ஊறியும் கரையாத கடினமும் கொண்ட அக்ரிலிக் என்றால் அதில் எம்எம்ஏ (MMA) என்ற கடும் இரசாயனத் திரவம் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலேயே அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஜெல் பெட்டிகளையும் கவனியுங்கள். விளக்கில் ஜெல் இறுக உதவும் டிபிஓ (TPO) என்ற பொருள் சேர்ந்த ஜெல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. போத்தலில் உள்ள பட்டியலைப் படியுங்கள். ஜெல் தோலில் பட்டால், அதை இறுக்கும் விளக்கில் கையை வைக்குமுன் குச்சியால் துடைத்துவிடுங்கள். அரைகுறையாக இறுகிய ஜெல் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. நகத்தைச் சுற்றிக் கடியும் கொப்புளமும் கண்டால் ஜெல்லை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். ஜெல்லுக்கும் நகத்துக்கும் இடையில் பச்சையாகத் தெரிந்தால் அது கிருமி. மேலே நிறம் பூசி மறைக்காமல் ஜெல்லை எடுத்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு மட்டும் நெடுநகம் வேண்டுமென்றால் ஒட்டுநகம் போதும். உங்கள் நகம் இரண்டு ஒட்டுநக அளவுக்கு நடுவில் இருந்தால் பெரியதை எடுத்துப் பக்கத்தை அராவுங்கள். சிறியதை ஒட்டினால் ஓரம் இழுபட்டு வலிக்கும், சீக்கிரம் கழரும். நீளத்தைக் குறைக்கக் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். பிளாஸ்ரிக்கில் வெள்ளைக் கீறல் விழும். அராவித்தான் குறைக்க வேண்டும்.

கலியாணத்துக்கென்றால் நாளைக் கணக்குப் பாருங்கள். மருதாணி இட்டு ஒன்று இரண்டு நாளில்தான் நிறம் ஏறும், ஆகவே அதைக் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இடுவார்கள். நக வேலை அதற்கும் ஒரு நாள் முன்பே முடிய வேண்டும். மருதாணி இட்ட பிறகு அராவியும் அசிட்டோனில் துடைத்தும் வேலை செய்தால் விரல் நுனியில் நிறம் வெளிறும். மருதாணி இடும்போது நகத்தின் மேல் மெல்லிதாக எண்ணெய் தடவிக்கொண்டால் வெளிர்நிறப் பூச்சில் கறை பிடிக்காது. நீளம் 7 மில்லிமீற்றரோடு நிற்கட்டும். கூறை உடுக்க வேண்டும், மாலை மாற்ற வேண்டும், கணையாழி எடுக்கும்போது ஒரே குடத்துக்குள் இரண்டு பேரின் கையும் இறங்கும்.

விழா முடிந்து ஜெல்லைக் கழற்றும்போது பிய்க்கவே கூடாது. மேற்பூச்சை 100 எண் அரத்தால் கரடாக்கி, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் ஒவ்வொரு விரலையும் சுற்றி, 15 நிமிடம் விடுங்கள். குச்சியால் தள்ளும்போது தானாக வராத இடத்தை மறுபடி ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். கழற்றிய நகத்தைக் குட்டைப் பாதாமாக அராவி, இரவில் படுக்கும்போது நகத்தடியில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தேயுங்கள். புதிதாக வளரும் பகுதி பாதி நகம் வரை வந்த பிறகு அடுத்த ஜெல்லைப் பற்றி யோசிக்கலாம்.