குதிரை கிடைக்கும் முன்பே தடைத்தாண்டல் பழகலாம்: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு தொடக்கம்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்ட விதிகளை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. மெக்கெய்சர் மைதானத்தில் பார்க்கிறார்கள், பின்னேரம் கடற்கரையில் விளையாடுகிறார்கள், எல்லாம் தானாக வந்துவிடுகிறது. குதிரையேற்றத்தையும், குதிரையில் ஏறித் தடைகளைத் தாண்டும் தடைத்தாண்டல் போட்டியையும் பார்க்க அப்படி ஒரு இடம் பக்கத்தில் இல்லை. பார்த்தே இராத களத்தில் இறங்க எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்? அதனால் முதலில் களத்தைக் கொண்டு வருவோம், குதிரை பிறகு வரட்டும்.

1. ஒரு ஆளைக் காட்டுங்கள்

மதில்டா கார்ல்சன் இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்தவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தடைத்தாண்டலில் இறங்கினார். நம் நாட்டிலிருந்து ஒலிம்பிக் குதிரையேற்றத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். இந்த விளையாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் மோதுகிறார்கள். பெண் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

2. களம் அமையுங்கள்

கடற்கரை சரிவாக இருக்கும், சமமான மைதானமே நல்லது. மார்கழி மழை ஓய்ந்து இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் மாதங்கள் இதற்குத் தோதானவை. இரண்டு வாளிகளைக் கவிழ்த்து மேலே ஒரு பீவிசி குழாயை வைத்தால் ஒரு தடை. குழாயைக் கட்டக் கூடாது, தட்டினால் விழ வேண்டும். இப்படி ஆறு தடைகள் போதும். தாண்டுபவருக்கு வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. உண்மையான போட்டியிலும் இதே நிறங்கள்தான்.

3. நடந்து அளக்கப் பழக்குங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரிய போட்டிகளில் குதிரைக்குத் தடைகள் வைத்த பாதையை முன்கூட்டிக் காட்ட மாட்டார்கள். வீரர் மட்டும் நடந்து பார்த்து, தடைகளுக்கு இடையிலான தூரத்தைக் காலடியால் அளந்து மனதில் வைத்துக்கொள்வார்.

தடைகளுக்கு இடையில் ஓடும்போது குதிரை எடுத்து வைக்கும் ஒரு எட்டைப் பாய்ச்சல் என்போம். அது சுமார் 3.6 மீற்றர். 90 சென்ரிமீற்றர் காலடி நான்கு சேர்ந்தால் அந்தத் தூரம் வரும். நிலத்தில் 9 மீற்றருக்குக் கோடு போட்டு, அதைச் சரியாகப் பத்துக் காலடியில் கடக்கும்வரை நடக்க விடுங்கள். சின்னப் பிள்ளைகள் எட்டிப் போடத்தான் வேண்டும்.

அப்புறம் கணக்கு. தாண்டி இறங்க இரண்டு காலடி, அடுத்த தடைக்கு எழும்ப இரண்டு காலடி, மிச்சத்தை நான்கால் பிரிக்க வேண்டும். 16 காலடி என்றால் மூன்று பாய்ச்சல், 20 என்றால் நான்கு. 18 வந்தால்? மூன்றரைப் பாய்ச்சல் என்று ஒன்று கிடையாது. குதிரையை நீட்டி ஓடவிட்டு மூன்றில் முடிப்பதா, அடக்கி நான்காக்குவதா? வேண்டுமென்றே அப்படி ஒரு இடைவெளி வையுங்கள். பிள்ளைகள் வாதாடத் தொடங்கிவிடுவார்கள். போட்டி ஆசை பிடிக்கிற இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

4. மட்டைக் குதிரையில் ஓட்டம்

பனை மட்டையைக் காலுக்கிடையில் வைத்து ஓட வேண்டியதுதான். பன்னிரண்டு வயசுக்காரருக்குக் கூச்சம் வரும். பின்லாந்தில் பதின்ம வயதினர் கம்புக் குதிரையோடு தேசியப் போட்டியே நடத்துகிறார்கள் என்று சொல்லுங்கள். தடை விழுந்தால் 4 பிழைப் புள்ளி. தடைக்கு முன் நின்றுவிட்டால் முதல் தடவை 4, இரண்டாம் தடவை வெளியே. ஓடுபவர் விழுந்தாலும் வெளியே. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளையை நடுவராக்குங்கள்.

5. உண்மையான குதிரை

நுவரெலியாவுக்குப் போகும்போது மட்டக் குதிரையில் ஏற்றிப் பாருங்கள். அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது, அறிமுகம். நடத்துபவரைக் கேட்டுவிட்டுத் தோள் பக்கமாக நெருங்க வேண்டும், பின்னால் போகவே கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாடிப்பட்டி உள்ள குதிரையேற்றத் தொப்பி கட்டாயம், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சரிவராது. சப்பாத்துக்குச் சின்னக் குதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்குள், நழுவிவிடும்.

6. முதல் போட்டி

பயிற்றுநரிடம் சேர்ந்த பிறகு, நிலத்தில் கிடத்திய கம்புகளைக் கடக்கும் சின்னப் போட்டியில் தொடங்குங்கள். சர்வதேச விதிப்படி தடைத்தாண்டலில் சிறுவர் பிரிவு 12 முதல் 14 வயது வரை, ஜூனியர் 14 முதல் 18, இளம் வீரர் 16 முதல் 21. ஆகவே பத்து வயதில் அவசரம் எதுவும் இல்லை. களத்தை விட்டு வரும் பிள்ளையிடம் எத்தனையாம் இடம் என்று கேட்காதீர்கள். மூன்றாம் தடைக்கும் நாலாம் தடைக்கும் இடையில் எத்தனை பாய்ச்சல் வந்தது என்று கேளுங்கள்.