92 கிளப், நான்கு டிவிஷன்: இங்கிலாந்து கால்பந்து லீக் சீசனுக்குச் சொந்தமாகக் கணக்கு வைப்பது எப்படி

இங்கிலாந்து கால்பந்தின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீகை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சீசனில் பாதிதான் தெரியும். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று டிவிஷன்கள் இருக்கின்றன. மேலே ஏறுவது, கீழே இறங்குவது என்ற பரபரப்பெல்லாம் அங்கேதான் அதிகம். நான்கையும் சேர்த்துத் தொடர, தளங்களில் வரும் புள்ளிப்பட்டியல் மட்டும் போதாது. இப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை அது சொல்லும். இனி யாருக்கு வழி இருக்கிறது, யாருக்கு அடைபட்டுவிட்டது என்பதை நாமே கணக்குப் போட்டால்தான் தெரியும்.

தாளைத் தயார் செய்வது

டிவிஷனுக்கு ஒரு தாள். பிரீமியர் லீகில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டம், மொத்தம் 380. மற்ற மூன்றிலும் தலா 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம், டிவிஷனுக்கு 552. ஆடியது, வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், கோல் வித்தியாசம், புள்ளி என்ற வழக்கமான பத்திகளோடு இன்னும் நான்கைச் சேருங்கள்: மிச்ச ஆட்டம், உச்சப் புள்ளி, ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி, தண்டனைக் கழிவு (விதிமீறலுக்காகக் கழிக்கப்படும் புள்ளி). கழிவைப் புள்ளியோடு கலந்து எழுதவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. இங்கிலாந்தில் 1981-82க்கு முன்பு வெற்றிக்கு 3 கிடையாது, 2 தான். அதற்கு முந்தைய சீசன்களோடு ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த கோல். 2024-25 சாம்பியன்ஷிப்பில் லீட்ஸ், பர்ன்லி இரண்டுமே 100 புள்ளி. லீட்ஸின் வித்தியாசம் +65, பர்ன்லியுடையது +53. கோப்பை லீட்ஸுக்குப் போனது.

ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு சரிபார்ப்பது

ஆட்ட முடிவுகளை ஏற்றியதும் கூட்டிப் பாருங்கள். எல்லா அணிகளின் வெற்றிகளும் எல்லா அணிகளின் தோல்விகளும் ஒரே எண்ணாக வர வேண்டும். டிராக்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படை எண். கோல் வித்தியாசங்களைக் கூட்டினால் 0. ஒரு சுற்றில் 12 ஆட்டம் நடந்து அதில் 4 டிரா என்றால், அந்தச் சுற்றில் சேர்ந்த புள்ளிகள் 36 கழித்தல் 4, அதாவது 32. இதில் ஒன்று உதைத்தாலும் அன்றைக்கே தேடிப் பிடித்துவிடுங்கள். பத்து சுற்றுக்குப் பிறகு பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஆனால் இந்தச் சோதனைகள் எதற்கும் அகப்படாத ஒரு பிழை உண்டு: 1-2 என்ற முடிவை 2-1 என்று தலைகீழாக ஏற்றிவிடுவது. வெற்றி தோல்விக் கணக்கு நேராகவே வரும், வித்தியாசமும் 0 தான், எல்லாம் சரி என்றே தாள் சொல்லும். சொந்த மைதானத்தில் ஆடும் அணியைத்தான் எப்போதும் முதலில் எழுதுவார்கள் என்பதை மனதில் வைத்து ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை அடித்த கோல், வாங்கிய கோல் பத்திகளை வெளியான பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

தள்ளிவைக்கப்பட்ட ஆட்டத்தின் இடத்தைக் காலியாகவே விடுங்கள். 0-0 என்று நிரப்பினால் இரண்டு அணிக்கும் இல்லாத ஒரு புள்ளி ஏறிவிடும். லீக் ஒன், லீக் டூவில் இது அடிக்கடி வரும். உறைந்த மைதானம், கோப்பை ஆட்டங்கள் போன்ற காரணங்களோடு, மூன்று வீரர்கள் நாட்டு அணிக்கு அழைக்கப்பட்டாலே ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கும் உரிமை கிளப்புக்கு உண்டு. அதனால் குளிர்காலத்தில் ஒரே பட்டியலில் மூன்று, நான்கு ஆட்டம் பின்தங்கிய அணிகளையும் பார்க்கலாம்.

அந்த நேரத்தில் இடத்தை நம்பாதீர்கள், சராசரியைப் பாருங்கள். 2019-20 லீக் ஒன் கொரோனாவால் பாதியில் நின்றபோது வைகோம்ப் எட்டாவது இடத்தில் இருந்தது: 34 ஆட்டம், 59 புள்ளி, சராசரி 1.735. மேலே இருந்த ஆக்ஸ்ஃபோர்டு 35 ஆட்டத்தில் 60, அதாவது 1.714. சராசரியை வைத்தே இறுதி வரிசையை முடிவு செய்தார்கள். வைகோம்ப் மூன்றாவது இடத்துக்குத் தாவியது, பிளே-ஆஃபும் (நேரடி உயர்வு கிடைக்காத அடுத்த நான்கு அணிகள் மிச்சமுள்ள ஓர் உயர்வு இடத்துக்கு மோதும் ஆட்டங்கள்) வென்று சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது. ஆறாவதாக இருந்த பீட்டர்பரோ ஏழாவதாக இறங்கி, பிளே-ஆஃப் வாய்ப்பையே இழந்தது.

உச்சப் புள்ளியும் அதிலுள்ள பொறியும்

இப்போதுள்ள புள்ளியோடு மிச்ச ஆட்டத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் உச்சப் புள்ளி. மார்ச் மாதத்திலிருந்து இந்தப் பத்திதான் உயிர்நாடி. 40 புள்ளியோடு 5 ஆட்டம் மிச்சமுள்ள அணி 55க்கு மேல் போக முடியாது. 56 எடுத்த அணிக்கு இனி அந்த அணியைப் பற்றிக் கவலையில்லை.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு இடத்துக்கு நேரடி உயர்வு. முதலிடத்தில் உள்ள அணி எல்லா ஆட்டமும் முடித்து 88 புள்ளியில் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது அணிகள் தலா 86; இருவருக்கும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி; மற்றவர்கள் எட்டாத தூரத்தில். உச்சப் புள்ளிப் பத்தி இருவருக்கும் 89 காட்டும், முதலிடத்து அணி மூன்றாவதாக விழலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கடைசி ஆட்டம் அவர்கள் இருவருக்குள்ளேயே என்றால்? இருவரும் ஜெயிக்க முடியாது. ஒருவர் 89 போவார் அல்லது இருவரும் 87ல் நிற்பார்கள். எப்படிப் பார்த்தாலும் 88க்கு உயர்வு உறுதி. ஆகவே உச்சப் புள்ளியோடு நிறுத்தாமல், போட்டியில் உள்ள அணிகளின் மிச்ச ஆட்டங்களை எடுத்து, யார் யாரோடு மோதுகிறார்கள் என்று அவசியம் பாருங்கள்.

கழிவுக்குத் தனிப் பத்தி ஏன்

தண்டனைப் புள்ளி நடுவில் வரும், கூடும், மேல்முறையீட்டில் குறையவும் செய்யும். 2023-24ல் எவர்ட்டனுக்கு முதலில் 10 கழித்தார்கள், பிறகு அதை 6 ஆக்கினார்கள், அப்புறம் இன்னொரு வழக்கில் 2 கழித்தார்கள். களத்தில் 48, பட்டியலில் 40. கழிவைத் தேதியோடு தனியே எழுதியிருந்தால் திருத்த ஒரு நிமிடம் போதும். 2021-22ல் டெர்பி கவுன்ட்டி களத்தில் 55 புள்ளி சேர்த்தும், 21 கழிக்கப்பட்டு 34 ஆகி, சாம்பியன்ஷிப்பிலிருந்து இறங்கியது. அந்த ஆண்டு தப்பிய கடைசி அணி ரெடிங்குக்கு 41 தான். அணி எப்படி ஆடியது, பட்டியலில் எங்கே முடிந்தது என்ற இரண்டு கேள்விக்கும் அப்போது ஒரே தாளில் பதில் இருக்கும்.

ஏற்றமும் இறக்கமும்

2024-25ன் விதிப்படி எழுதுகிறேன். விதிகள் மாறக்கூடியவை என்பதால் சீசன் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீகிலிருந்து 3 அணிகள் கீழே. சாம்பியன்ஷிப்பிலிருந்து முதல் 2 நேராக மேலே, 3 முதல் 6 வரை பிளே-ஆஃபில் ஒன்று, கீழே 3. லீக் ஒன்னிலும் மேலே போவது அதே முறை, கீழே 4. லீக் டூவில் முதல் 3 நேராக, 4 முதல் 7 வரை பிளே-ஆஃபில் ஒன்று. கீழே 2 அணிகள், அடுத்த படியான நேஷனல் லீகுக்கு.

பிளே-ஆஃபுக்கு லீகில் எடுத்த புள்ளி எதுவும் கூட வராது. மூன்றாவது ஆறாவதோடும், நான்காவது ஐந்தாவதோடும் (லீக் டூவில் நான்காவது ஏழாவதோடும், ஐந்தாவது ஆறாவதோடும்) இரண்டு ஆட்டம். உயர்ந்த இடத்து அணிக்கு இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். இறுதி ஆட்டம் ஒன்றே ஒன்று, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில். 2024-25ல் ஷெஃபீல்டு யுனைடெட் 90 புள்ளி, சண்டர்லேண்டு 76. வெம்ப்ளியில் சண்டர்லேண்டு 2-1. பதினான்கு புள்ளி முன்னிலை அந்த ஒரு மாலையில் எதற்கும் உதவவில்லை. ஆகவே சராசரியை வைத்துப் பிளே-ஆஃபைக் கணிக்க வேண்டாம்.

மே இறுதியில் புதிய தாளுக்குப் பெயர்களை மாற்றும்போது 20, 24, 24, 24 என்று எண்ணிப் பாருங்கள், 92 வராவிட்டால் ஏதோ ஒரு கிளப் இரண்டு தாளில் இருக்கிறது அல்லது எதிலுமே இல்லை. முந்தைய சீசனின் வழக்குகளையும் கூடவே பாருங்கள். 2008-09 லீக் டூவை லூட்டன் டவுன் மைனஸ் 30 புள்ளியிலிருந்து தொடங்கியது. அது களத்தில் எடுத்த 56 புள்ளி 26 ஆகி, லீக் டூவை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.