டர்பன் செம்மணலைப் படிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் பெரீயா மேட்டிலும், வடக்கே கரும்புத் தோட்டங்களின் நடுவிலும், சாலைக்காக வெட்டிய கரைகளில் தெரியும் செம்மணல், காற்று குவித்த பழைய கடற்கரைக் குன்றுகளின் எச்சமாகும். தூத்துக்குடித் தேரிகளைக் கண்டவர்களுக்கு இதன் தோற்றம் புதிதாக இராது. இத்தகைய கரையில் இரண்டு காலங்கள் பதிந்துள்ளன: மணல் குவிந்த காலம் ஒன்று, குவிவது நின்று, செடிகள் வேரூன்றி, மழைநீர் உள்ளிறங்கி, மணல் மண்ணாக மாறிய காலம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதல் வேலை.

நில உரிமையாளரின் அனுமதி பெற்ற பிறகே செல்லுங்கள். தொங்கும் விளிம்பின் கீழ் நிற்காதீர்கள். கரையின் மேற்பரப்பைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, கீழிருந்து மேலாகப் பாருங்கள். சாய்ந்த மெல்லிய அடுக்குகள் தென்பட்டால், அவை குன்றின் காற்று மறைவுச் சரிவில் மணல் வழிந்து படிந்தவை. அவை எப்பக்கம் தாழ்கின்றனவோ, அப்பக்கம் நோக்கியே காற்று வீசியிருக்கிறது. அடுக்குகள் அழிந்து ஒரே சீராகத் தெரிந்தால், மண்ணாக்கமும் வேர்களும் கறையான்களும் அவற்றைக் கலைத்துவிட்டன என்று கொள்ளலாம். இடையே கருமையான பட்டையும் வேர்த்தடங்களும் இருந்தால், அது புதையுண்ட பழைய தரைமட்டமாக இருக்க வாய்ப்புண்டு.

அடுத்து, ஒரு பிடி மணலை நனைத்து உருட்டுங்கள். இன்றைய கடற்கரை மணல் உதிர்ந்துவிடும். செம்மணலோ உருண்டையாகப் பிடிபடும், ஏனெனில் ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் சிதைந்து களிமண்ணாகியிருக்கின்றன. 10 மடங்கு உருப்பெருக்கியில், மணிகளைப் போர்த்தியுள்ள சிவந்த இரும்பு ஆக்சைடுப் பூச்சையும் காணலாம். வினிகர் சொட்டினால் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் சிப்பித் துகள்களின் சுண்ணாம்பு எஞ்சியிருக்கிறது. நுரைக்காவிட்டால் பெரும்பாலும் மழைநீர் அதைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கும். சுண்ணாம்பு பிணைத்து இறுகிய குன்றுமணலை டர்பனின் பிளஃப் பகுதியில் பார்க்கலாம்.

நிறத்தை வைத்து வயதைச் சொல்லும் அவசரம் பலருக்கும் உண்டு, அது வேண்டாம். மூலமணலில் இருந்த இரும்புக் கனிமங்கள், வடிகால், வெப்பம், காலம் ஆகிய யாவும் சேர்ந்தே சிவப்பைத் தீர்மானிக்கின்றன. அதுபோலவே, கடலோரக் குன்று என்றாலே வறட்சி என்றும் பொருளல்ல. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடல் இறங்குவதும் ஏறுவதும் காற்றுக்குக் கிடைக்கும் மணலின் அளவை மாற்றிவிடும். வயதை அறிய, குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று அளக்கும் ஒளிர்வு முறை வேண்டும். அதற்கான மாதிரியை, ஒளி புகாத குழாயைக் கரைக்குள் அடித்து இறக்கி, இருமுனையையும் மூடி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கல்லாயுதமோ புதைபடிவமோ தட்டுப்பட்டால், படம் எடுத்துக்கொண்டு அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டப்படி, உரிய அனுமதியின்றி அவற்றை அகற்றுவது குற்றமாகும்.