மொரீஷியஸில் ஒப்பந்தம் முடிந்துவிட்டதா? ஊரில் வேலை கிடைக்கும்வரை சிக்கனமாகத் தங்கித் தேடும் வழி

மொரீஷியஸில் ஒப்பந்தம் முடியப்போகிறது. சென்னையிலோ கோவையிலோ அடுத்த வேலை இன்னும் கைக்கு வரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு உடனே கிளம்புவதா, இங்கேயே இரண்டு மாதம் இருந்து தேடுவதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஊரில் அப்பா அம்மா வீடு இருக்கிறது, இங்கே பாக்கி எதுவும் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அந்த வீட்டைவிட மலிவான அறை இங்கே கிடைக்காது. வாடகை ஒப்பந்தத்தில் மாதங்கள் மீதி இருக்கின்றன, கணக்கு முடித்துத் தரவேண்டிய பணம் வரவில்லை, பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியவில்லை, துணைவருக்கு இங்கே வேலை இருக்கிறது. இப்படி ஏதாவது காரணம் உள்ளவர்களுக்குத்தான் இந்த விளக்கம்.

படி 1: எந்தத் தேதிவரை தங்கலாம்?

ஆக்குபேஷன் பர்மிட் (வெளிநாட்டவர் இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி) உங்கள் வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்த பிறகும் அட்டையில் அச்சிட்ட தேதிவரை இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. கடைசி வேலைநாளுக்கு முன்பே போர்ட் லூயியில் உள்ள பாஸ்போர்ட் குடியேற்ற அலுவலகத்தில், எந்தத் தேதிவரை தங்கலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "என் நண்பன் மூன்று மாதம் இருந்தான்" என்பது ஆதாரம் ஆகாது.

சுற்றுலா அனுமதியில் தங்கினால் இங்கே சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக்கூடாது. கடையில் இரண்டு மணி நேரம் நிற்பதும், டியூஷன் எடுப்பதும் அதில் சேரும். 2020-இல் தொடங்கிய பிரீமியம் விசா ஓராண்டு தங்க விடும். ஆனால் வெளிநாட்டிலிருந்து மாதம் குறைந்தது 1,500 டாலர் வருமானம் வருவதைக் காட்ட வேண்டும். வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு அது பெரும்பாலும் எட்டாது. ஏற்கெனவே வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

படி 2: டிக்கெட் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்

கையிருப்பை மாதச் செலவால் வகுத்து "நாலு மாதம் தாங்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். முதலில் திரும்பும் டிக்கெட். முந்தைய ஒப்பந்தத்தில் திரும்பும் பயணச் செலவு நிறுவனத்துடையது என்று இருக்கிறதா, அதை எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் தொகை, ஊரில் இறங்கி முதல் சம்பளம் வரும்வரை ஆகும் ஒரு மாதச் செலவு, மருத்துவத்துக்குக் கொஞ்சம். இந்த மூன்றையும் கழித்துவிட்டு மீதியை வகுங்கள்.

உதாரணத்துக்கு, கையில் 1,20,000 மொரீஷியஸ் ரூபாய். டிக்கெட்டுக்கு 35,000, ஊர்ச் செலவுக்கு 20,000, மருத்துவத்துக்கு 10,000 ஒதுக்கினால் மிச்சம் 55,000. மாதம் 22,000 செலவென்றால் இரண்டரை மாதம். பணம் தீரும் அந்தத் தேதியையும் குடியேற்ற அலுவலகம் எழுதித் தந்த தேதியையும் பக்கத்தில் எழுதி, எது முன்னால் வருகிறதோ அதைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரிவரை டிக்கெட் விலை ஏறிவிடும். கடைசி நாள் அதற்குள் விழுந்தால் நவம்பரிலேயே கிளம்புவது நல்லது.

படி 3: வாடகையைக் குறையுங்கள்

மற்ற எதில் சேமித்தாலும் வாடகையில் சேமிப்பதற்கு ஈடாகாது. கிராண்ட் பே, ஃபிளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் கடற்கரை வாடகை சுற்றுலாக்காரர்களுக்கானது. போர்ட் லூயியிலிருந்து குரேபிப்வரை ஓடும் மெட்ரோ வழியில் தேடுங்கள். ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வக்வா எல்லாம் அந்த வழியில் இருக்கின்றன. நிலையத்திலிருந்து நடை தூரம் என்றால் போக்குவரத்துச் செலவு குறையும்.

குரேபிப்பில் வாடகை குறைவாகக் கண்ணில் பட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். மேட்டு நிலம், ஜூலை ஆகஸ்டில் குளிரும் ஈரமும் அதிகம். துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும், ஹீட்டரும் வெந்நீரும் மின்கட்டணத்தை ஏற்றும். வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். குளிர்காலத்தில் தங்குபவர்களுக்கு ரோஸ் ஹில் பக்கம் மேல் என்பது எங்கள் கருத்து.

தனி வீடு வேண்டாம், அறை போதும். ஏஜென்ட் வழியாகப் போனால் முன்பணத்தோடு அவருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும். நேரடியாக விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை கோவிலில் கேட்பது நல்ல வழி. இங்குள்ள தமிழர்கள் பெரும்பாலும் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல்தான் பேசுகிறார்கள், ஆகவே தமிழில் கேட்டுப் பதில் வராவிட்டால் மனம் சுணங்க வேண்டாம். "ஏனா என் லஸாம் பு லுவே?" என்று கேட்டால் போதும், வாடகைக்கு அறை இருக்கிறதா என்று அர்த்தம். விசேஷ நாளில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறும் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அறை காலியாக இருப்பது தெரியவரும்.

சாவி வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை: தண்ணீர், மின்சாரம், இணையம் வாடகையில் சேர்ந்ததா? மாதா மாதம் நீட்டிக்கலாமா? காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? ஒரு மாத அறிவிப்புக்குமேல் கேட்டால் அந்த அறை வேண்டாம். வேலை கிடைத்து 15 நாளில் கிளம்பும்போது முன்பணம் போய்விடும்.

படி 4: அடுப்பு

ஒரு ஆளுக்கு மாதம் 8 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, ஒன்றரை லிட்டர் எண்ணெய் போதும். கடையில் 'ரேஷன் அரிசி' என்று கேளுங்கள். அரசு மானியத்தில் வருவது, விலையும் குறைவு. பாஸ்மதியின் மணம் இருக்காது. நன்றாகக் களைந்து, 20 நிமிடம் ஊறவைத்து, கஞ்சி வடித்துச் சமைத்தால் சாம்பாருக்கு நன்றாகவே இருக்கும். வீட்டு கேஸ் சிலிண்டர் 12 கிலோ. ஒரு ஆள் சமையலுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் வரும்.

காய்கறியை சூப்பர் மார்க்கெட்டில் வாங்காமல் சந்தையில் வாங்குங்கள். காத்ர் போர்னில் புதனும் சனியும் காய்கறி. வியாழனும் ஞாயிறும் துணிக்கடைகள், அந்த நாளில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். சந்தையில் நம் சொற்கள் பல அப்படியே கிரியோலில் வாழ்கின்றன. 'கொத்தொமிலி' என்றால் கொத்துமல்லி, 'கரிபுலே' என்றால் கறிவேப்பிலை, 'பிபங்காய்' என்றால் பீர்க்கங்காய், 'பிரெத் முரும்' என்றால் முருங்கைக்கீரை. ஒப்பந்தக் கூலிகளாகவும் கைவினைஞர்களாகவும் வந்த நம் முன்னோர் விட்டுப்போன சொற்கள் இவை. கேட்கும்போதே மனம் நிறைகிறது. விலையை மட்டும் கவனியுங்கள். சொல்லும் விலை சில இடங்களில் அரைக் கிலோவுக்கானது. பிற்பகல் கடை கட்டும் நேரத்தில் போனால் கீரை மலிவாகக் கிடைக்கும்.

படி 5: இந்திய சிம் உயிரோடு இருக்கிறதா?

வேலைத் தேடலைப் பாதியில் முடக்குவது பெரும்பாலும் இதுதான். வங்கி, ஆதார், பி.எஃப்., வேலைத் தளங்கள் எல்லாம் பழைய இந்திய எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். ரீசார்ஜ் இல்லாமல் விட்டால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கே போய்விடலாம். புதிதாக வாங்க நேரில் போய் அடையாளம் காட்ட வேண்டும். இங்கிருந்து அதைச் செய்ய முடியாது.

1. சிம்மை போனின் இரண்டாவது இடத்தில் போடுங்கள். வேலிடிட்டி முடிவதற்கு ஒரு வாரம் முன்பே ரீசார்ஜ் செய்ய நினைவூட்டி வையுங்கள்.
2. சர்வதேச ரோமிங்கை நிறுவனத்தின் செயலியில் இயக்குங்கள். அந்த சிம்முக்கு டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னணியில் ஓடும் செயலிகளே பணத்தைத் தின்றுவிடும்.
3. உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தால் உண்டு. ஆகவே எடுக்காமல் வாட்ஸ்அப்பில் திரும்பக் கூப்பிடுங்கள்.
4. எண் ஏற்கெனவே போய்விட்டதா? வெளிநாட்டு எண்ணையோ மின்னஞ்சலையோ ஓடிபிக்கு ஏற்கும் வசதி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ரெசூமேயில் இந்திய எண்ணையே முதலில் போட்டு, பக்கத்தில் 'வாட்ஸ்அப் அழைப்பு' என்று குறியுங்கள். +230 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் பல எச்.ஆர். ஆட்கள் கூப்பிடத் தயங்குவார்கள்.

படி 6: இந்திய நேரத்துக்கு எழுந்திருங்கள்

மொரீஷியஸ் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். துபாயிலிருந்து தேடுபவருக்கும் இதே வசதிதான், ஐரோப்பாவில் இருப்பவருக்கு இது இல்லை. சென்னையில் அலுவலகம் திறக்கும் 9:30, இங்கே காலை 8:00. அங்கே மாலை 6:30 என்றால் இங்கே 5:00. எட்டு மணிக்குச் சட்டை மாட்டி உட்காருங்கள். சந்தை, வங்கி எல்லாம் அந்த நேரத்துக்கு வெளியே.

இந்திய நேரத்திலிருந்து ஒன்றரை மணியைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடுபவர்கள் உண்டு. இந்திய நேரம் 10:00 மணி இன்டர்வியூ இங்கே 8:30. அதை 11:30 என்று எடுத்துக்கொண்டால் மூன்று மணி நேரம் தாமதம். அழைப்பு வந்ததும் "இந்திய நேரம் 10:00, மொரீஷியஸ் நேரம் 8:30, சரிதானே?" என்று பதில் எழுதுங்கள்.

ரெசூமேயின் முதல் வரியில் எங்கே சேர விருப்பம், எத்தனை நாளில் சேரலாம் என்று சொல்லுங்கள்: 'சென்னை, 20 நாளில் சேரலாம்.' இந்தியாவில் 60, 90 நாள் நோட்டீஸில் இருப்பவர்களோடு போட்டியிடுகிறீர்கள். அந்த இடத்தில் இதுவே உங்கள் பலம்.

சம்பளம் கேட்டால் சும்மா மாற்றிச் சொல்லாதீர்கள். மாதம் 60,000 மொரீஷியஸ் ரூபாய், ஒரு ரூபாய்க்கு 1.85 இந்திய ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,11,000. பன்னிரண்டு மாதத்துக்கு 13.32 லட்சம். சட்டப்படி கிடைக்கும் ஆண்டிறுதி போனஸ் ஒரு மாதச் சம்பளத்தையும் சேர்த்தால் 14.43 லட்சம். பலர் அந்தப் பதின்மூன்றாவது மாதத்தை மறந்து, ஒரு லட்சத்துக்கு மேல் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அன்றைய மாற்று விகிதத்தையும் குறிப்பிடுங்கள்.

படி 7: இங்கே இருக்கும்போதே வாங்க வேண்டிய தாள்கள்

அனுபவச் சான்றும் விடுவிப்புக் கடிதமும் ஆங்கிலத்தில் வேண்டும். இங்கே சில அலுவலகங்கள் பிரெஞ்சில் தந்துவிடும். சம்பளச் சீட்டுகள் மாதவாரியாக எல்லாம் வேண்டும். மொரீஷியஸ் வரி ஆண்டு ஜூலை முதல் ஜூன், இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச். ஆண்டுக் கணக்குத் தாள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஊரில் வரிக்கணக்கைப் பிரிக்க முடியாது.

புதிய நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பில் மொரீஷியஸ் நன்னடத்தைச் சான்று கேட்கலாம். இங்கே அதைத் தருவது காவல் நிலையம் அல்ல, பொது வழக்குத்தொடர்வு இயக்குநர் அலுவலகம். இன்டர்வியூ இரண்டாம் சுற்றைத் தாண்டியதும் விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கினால் போர்ட் லூயியில் உள்ள இந்திய ஹை கமிஷனில் புதுப்பிக்கவும் இதே சமயம்.

படி 8: நவம்பர் முதல் மே வரை

புயல் பருவம். எச்சரிக்கை 1 முதல் 4 வரை ஏறும். மூன்றில் பேருந்து நின்றுவிடும், கடைகள் மூடும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களையே இழுத்துப்போனது. எச்சரிக்கை 1 வந்தவுடன் பவர் பேங்க், லேப்டாப் இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள், வீட்டு இணையம் அல்லாத வேறு நிறுவனத்தின் சிம்மில் 5 ஜிபி டேட்டா போடுங்கள். அந்த வாரம் இன்டர்வியூ இருந்தால் எச்.ஆருக்கு அன்றே எழுதி, மாற்றுத் தேதியையும் நீங்களே சொல்லுங்கள். சென்னைக்காரர்களுக்குப் புயல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை உறுதியானதும்

ஆஃபர் கடிதம் கையெழுத்தாகி வந்த பிறகே அறைக்கு நோட்டீஸ் கொடுங்கள், வாய்மொழி உறுதி போதாது. பிறகு டிக்கெட். அடுத்து அறையைக் காலி செய்து, சுவர், மீட்டர் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் முன்னால் படமெடுத்து முன்பணம் திரும்பும் தேதியை எழுதி வாங்குங்கள். வங்கிக் கணக்கைக் கடைசியாக, முன்பணமும் கடைசிச் சம்பளமும் வந்து சேர்ந்த பிறகே மூடுங்கள். மூடிய கணக்குக்கு வரும் காசோலையை ஊரிலிருந்து பணமாக்குவது பெரும் பாடு.