பேட்டரி பேக் லைன்: செல் மாறும்போது சிக்க வைக்கும் தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மின்சார ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் பேட்டரி பேக் பூட்டும் பட்டறை போடுபவர்கள், முதல் ஆர்டருக்கு வந்த செல்லை (பேக்குக்குள் அடுக்கும் சிறு பேட்டரி) மட்டும் நம்பி மொத்த உற்பத்தி லைனையும் அமைத்துவிடக் கூடாது. செல் மாறும். அதற்கு இடம் கொடுக்காத லைன் அன்றே நின்றுவிடும்.

18650 என்ற உருளைச் செல்லின் விட்டம் 18 மி.மீ., உயரம் 65. 21700 செல்லுக்கு 21, 70. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஹோல்டர், செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை, வெல்டிங் முனை இறங்கும் உயரம் மூன்றும் மாறும். வெல்டிங்குக்குச் செல்களை இடத்தில் பிடித்துவைக்கும் ஜிக்கை ஒரே துண்டாகச் செய்தால் அது காயலான் கடைக்குத்தான். அடித்தட்டை மேசையோடு நிலையாகப் பொருத்துங்கள். மேல்தட்டை மட்டும் செல்லுக்கு ஒன்றாகச் செய்து, இரண்டு பின்களில் உட்கார வையுங்கள். ஒரு பின்னுக்கு வட்டத் துளை, மற்றதற்கு நீள்துளை. இரண்டும் வட்டமாக இருந்தால் தட்டு சிக்கிக்கொள்ளும்.

மிக ஆபத்தான தவறு நடப்பது சார்ஜ் சோதனையில். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 16 தொடராக இணைந்திருந்தால் முழு சார்ஜ் 58.4 வோல்ட், என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) 13 தொடரென்றால் 54.6. பேச்சுவழக்கில் இரண்டுமே '48 வோல்ட் பேக்'. முதலாவதன் சார்ஜர் அமைப்பிலேயே இரண்டாவதை மாட்டினால், 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய செல் 4.49 வரை ஏறப் பார்க்கும். பிஎம்எஸ் (பேக்கைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) தடுத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள், அது கடைசிக் காவல்தான். பேக்கின் பார்கோடை ஸ்கேன் செய்தால் மட்டுமே சார்ஜர் அமைப்பு ஏற வேண்டும். ஆபரேட்டர் கையால் எண் அடிக்கும் வசதியே வேண்டாம். கனெக்டரும் வேறு வேறாக இருப்பது நல்லது.

வெல்டிங் அமைப்பும் அதே பார்கோடிலிருந்து வரட்டும். 0.15 மி.மீ. பட்டைக்கு வைத்த மின்னோட்டம் 0.2 மி.மீ. பட்டைக்குப் போதாது. பட்டை மாறும்போதெல்லாம், சார்ஜ் இறக்கிய பழைய செல்லில் ஒரு துண்டை வெல்ட் செய்து இடுக்கியால் இழுத்துப் பாருங்கள். பட்டை கிழிந்து புள்ளி செல்லிலேயே நின்றால் சரி. சுத்தமாகக் கழன்று வந்தால் பிடிக்கவில்லை.

பேக் பூட்டுவதற்கு டிரை ரூம் (காற்றின் ஈரத்தை நீக்கிய அறை) தேவையில்லை. அது செல் தயாரிக்கும் ஆலைக்கானது. அந்தப் பணத்தை நல்ல பட்டைக்குச் செலவிடுங்கள். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றில் உப்பும் உண்டு. நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டை வெட்டிய ஓரத்தில் துருப்பிடிக்கும். ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள்: துரு கண்டால் அது தூய நிக்கல் அல்ல.

லைன் மாறத் தயாராக இருந்தாலும், ஏஐஎஸ் 156 (மின்சார இரு, மூன்று சக்கர வாகன பேட்டரிக்கான பாதுகாப்புத் தரம்) சான்று பழைய செல்லுக்கு வாங்கியது. ஆகவே செல்லை மாற்ற முடிவெடுப்பதற்கு முன்பே, எந்தெந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று சோதனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.