இணையத்தோடு ஒரு பீரியட்: எல்லையோரத் தமிழ் வழி வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாறிலோ மறையூரிலோ, தமிழ் வழியில் பாடம் நடக்கும் பள்ளியில் இணையத்தால் ஒரு பீரியட் வீணானால் பழி உடனே பிள்ளைகள் மேல் விழும். "நெட்டைத் திறந்துவிட்டா இதுக படிக்கவா போகுது?" என்பார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் மணி அடிக்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும். எதைத் தேடச் சொல்கிறோம், எந்த மொழியில் சொல்கிறோம், வகுப்பு லேப்டாப்பில் யாருடைய கணக்கு திறந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பாடம் நடப்பதும் கெடுவதும். தளங்களை முடக்குவதும் தேவைதான். ஆனால் எல்லாரும் அதிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை.

தேடச் சொல்வதில் வரும் தவறு

"அணைகளைப் பற்றி நெட்டில் பார்த்து எழுதுங்கள்." இப்படிச் சொன்னால் பத்து நிமிடத்தில் பாதி வகுப்பு முதலில் வந்த பக்கத்தை நோட்டில் இறக்கியிருக்கும், மீதி வகுப்பு வீடியோவுக்குப் போயிருக்கும். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கேள்வியிலேயே இல்லை. விடை கிடைத்ததும் நிற்கக்கூடிய, சரிபார்க்கக்கூடிய கேள்வியாகக் கொடுக்க வேண்டும்.

முல்லைப் பெரியாறையே எடுத்துக்கொள்ளலாம். "அணை கட்டும் வேலை எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு முடிந்தது? அணைக்கான 1886 குத்தகை எத்தனை ஆண்டுகளுக்கு? நீர்மட்டம் 142 அடி வரை என்று எந்த நீதிமன்றம், எந்தத் தேதியில் தீர்ப்புச் சொன்னது?" இந்த மூன்றுக்கும் விடை திட்டமானது: 1887 முதல் 1895 வரை, 999 ஆண்டுகள், உச்ச நீதிமன்றம், 2014 மே 7. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் எந்தத் தளத்தில் கிடைத்தது என்று எழுதச் சொன்னால் 20 நிமிடம் போதும்.

இதே அணையில் எல்லையோர வகுப்புக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். தமிழில் தேடினால் ஐந்து மாவட்டத்துப் பாசனமும் அணையைக் கட்டிய பென்னிகுவிக்கும் முன்னே வரும். மலையாளத்தில் தேடினால் அணையின் வயதும் கீழே குடியிருப்பவர்களின் அச்சமும் முன்னே வரும். ஒரே மொழியில் மட்டும் தேடவிட்டால் பிள்ளை பாதிக் கதையை முழுக் கதை என்று நம்பிவிடும். இரண்டு பேர் உட்காரும் கணினியில் ஒருவர் தமிழிலும் ஒருவர் மலையாளத்திலும் தேடி, இரண்டிலும் ஒத்துவரும் தகவல்களை ஒரு பக்கமும் ஒத்துவராதவற்றை மறு பக்கமும் எழுதட்டும். மழைக்காலத்தில் இந்தப் பாடத்தை எடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2018 கேரள வெள்ளத்தின் பழைய வீடியோக்கள் "இன்று காலை" என்று சுற்றும். வீடியோவின் ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் போட்டு, அது முன்பே வெளிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

பாடப்புத்தகம் மாறிப்போவது

தமிழ் வழி வகுப்புக்கே உரிய சிக்கல் இது. "எட்டாம் வகுப்பு அறிவியல் வினா விடை" என்று தமிழில் தட்டினால் வந்து குவிவது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நம் பிள்ளைகள் படிப்பது கேரளத்தில் பாடநூல் தயாரிக்கும் எஸ்சிஇஆர்டியின் தமிழ் வழிப் புத்தகம். பாட வரிசையும் சேராது, கேள்வி கேட்கும் முறையும் சேராது. பிள்ளை பார்த்து எழுதிய விடை பிழையில்லாமல் இருக்கும், ஆனால் அது வேறொரு புத்தகத்தின் விடை. மதிப்பெண் குறைந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

வழி எளிது. தேடல் பெட்டியிலிருந்து தொடங்காமல், கேரளப் பள்ளிகளுக்கான பாடப்பொருள் தளமான சமக்ராவில் தமிழ் வழியைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். வெளித்தளம் தேவை என்றால் முந்தின நாளே மூன்று அல்லது நான்கு இணைப்புகளைத் தேர்ந்து, ஒரே ஆவணத்தில் வைத்து, எல்லாக் கணினியின் டெஸ்க்டாப்பிலும் போட்டுவிடுங்கள். நீளமான முகவரியைப் போர்டில் எழுதித் தட்டச்சு செய்யச் சொல்வதுதான் பீரியடைத் தின்னும் பெரிய வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பக்கம் திறக்காது. "டீச்சர், எனக்கு வரல" என்று ஏழு கை தூக்கும். தமிழில் தட்டச்சு பழகாத பிள்ளைகளுக்காகத் தேட வேண்டிய சொற்களையும் அதே ஆவணத்தில் தமிழில் எழுதிவைத்தால் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார்கள். லேபில் இருக்கும் உபுண்டு இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை முன்கூட்டியே பாருங்கள். மலையாளம் மட்டும் இருக்கும் கணினி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும்.

ஒரே நேரத்தில் இருபத்தைந்து வீடியோ

யூடியூப் 480பி தரத்தில் தடையில்லாமல் ஓட வினாடிக்கு சுமார் 1.1 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம் வேண்டும், 720பி என்றால் 2.5. பள்ளியில் 30 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தால் 720பியில் 12 கணினிக்கே வேகம் தீர்ந்துபோகும். 25 கணினியும் ஒரே நேரத்தில் திறந்தால் எல்லாருக்கும் வட்டம் சுற்றும், அந்த நேரத்தில்தான் சேட்டை தொடங்கும். பிள்ளைகள் கட்டுப்பாட்டை மீறுவதாகத் தெரியும் பல நேரங்களில் அவர்கள் உண்மையில் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீடியோ என்றால் புரொஜெக்டரில் ஒரே ஒரு முறை. தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் 360பி போதும். அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவும் பிஹெச்இடி (PhET) சிமுலேஷன்களில் பலவற்றை ஒற்றைக் கோப்பாக இறக்கி இணையம் இல்லாமலே ஓட்டலாம், சில தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கின்றன. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவித் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைத்தால், மற்ற கணினிகள் லேப் நெட்வொர்க் வழியாக அதைப் படிக்கலாம். மழை பிடித்து மலையில் கேபிள் அறுந்த வாரங்களில் இதன் அருமை தெரியும்.

புரொஜெக்டரில் தெரியும் ஆசிரியரின் உலகம்

கேரளத்தில் 8 முதல் 12ஆம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியதில் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. கூடவே வந்தது ஒரு பழக்கம்: வாட்ஸாப் வெப்பையும் சொந்த ஜிமெயிலையும் வகுப்பு லேப்டாப்பிலேயே திறப்பது. ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டிருக்கும்போது திரையின் ஓரத்தில் "வட்டி இன்னும் கட்டலையா" என்று ஒரு செய்தி எட்டிப்பார்க்கும். அன்றைக்கு நாற்பது பிள்ளைகளுக்கும் ஒளிச்சேர்க்கை நினைவிருக்காது.

வகுப்புக்கென்று உலாவியில் தனி புரொஃபைல் ஒன்று உருவாக்குங்கள். அதில் சொந்தக் கணக்கு எதுவும் நுழையக்கூடாது. அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் பொத்தானையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தினால் திரையை நகலாகக் காட்டுவதா, நீட்டிக் காட்டுவதா என்று மாற்றலாம், உபுண்டுவிலும் இது பொதுவாக வேலை செய்யும். நீட்டிக் காட்டும் முறையில் அடுத்ததை உங்கள் திரையில் தேடிச் சரிபார்த்த பிறகு வகுப்புக்குத் தள்ளலாம். ரிமோட்டில் 'பிளாங்க்' அல்லது 'ஃப்ரீஸ்' பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யூடியூபில் ஆட்டோபிளேயை அணைப்பது பலருக்குத் தெரியும். வீடியோவின் கடைசி 5 முதல் 20 வினாடியில் அடுத்த வீடியோக்களின் படங்கள் முளைக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 20 வினாடி மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். யூடியூபின் வடிகட்டும் அமைப்பான ரெஸ்ட்ரிக்டெட் மோடைப் போட்டால் பின்னூட்டங்கள் மறையும், அதுவே பெரிய நிம்மதி. ஆனால் அது அந்த உலாவிக்கு மட்டும்தான். அது எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பி முதுகைக் காட்ட முடியாது.

இனி முடக்கும் வேலை

ஒவ்வொரு கணினியாகத் தளங்களை முடக்குவது வீண். ரவுட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3, இரண்டாவதாக 1.0.0.3 என்று கொடுத்தால் ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெரும்பாலும் நிற்கும். காசு எதுவும் இல்லை. இதில் வழக்கமாக நடக்கும் தவறு, இரண்டாவது இடத்தில் பழைய 8.8.8.8ஐ (கூகுளின் டிஎன்எஸ்) அப்படியே விட்டுவிடுவது. கணினி அந்த வழியாகக் கேட்டால் வடிகட்டலே இருக்காது. ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி முறை இயங்கினால் அதற்கும் தனியாக மாற்ற வேண்டும். ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற அமைப்பு ஓடினால் உலாவி ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், அதையும் அணைக்க வேண்டும். மாற்றியதும் ரவுட்டரை அணைத்துப் போட்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சோதித்துப் பாருங்கள். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல் கம்பெனி கொடுத்தபடியே இருந்தால் பள்ளியின் கணினி மன்றமான லிட்டில் கைட்ஸின் கெட்டிக்காரன் ஒருவன் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திரும்ப மாற்றிவிடுவான். வைஃபை கடவுச்சொல்லைப் போர்டில் எழுதவும் வேண்டாம்.

பையில் இருக்கும் கைபேசியின் சிம்முக்கு இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. அதற்குப் பள்ளி விதியும் ஆசிரியரின் கண்ணும்தான். மேசைகளைச் சுவரோரமாக 'ப' வடிவில் போட்டுத் திரைகள் நடுவை நோக்கி இருந்தால் ஒரே இடத்தில் நின்று அத்தனை திரையையும் பார்க்கலாம்.

பிள்ளைகளின் விவரம்

மாணவர் விவரங்களை வைக்கும் சம்பூர்ணா தளத்தில் நுழைந்துவிட்டு லாக்அவுட் செய்யாமல் டீ குடிக்கப் போவது பெரிய ஆபத்து. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கைபேசி எண் என எல்லாம் அதில் இருக்கின்றன. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வகுப்பு லேப்டாப்பில் எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பாடத்துக்காகப் புதிய செயலியில் பிள்ளைகளைப் பெயர் பதியச் சொல்வதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் எல்லாரும் குழந்தைதான், ஒப்புதல் பெற்றோருடையதாக இருக்க வேண்டும்.

கெட்டது ஒன்று திரையில் வந்துவிட்டால்

இங்கே நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆசிரியர் பதறிப்போய் திரையைப் படமெடுத்து ஸ்டாஃப் குரூப்பில் போடுவார். ஆபாசப் படத்தில் இருப்பது குழந்தை என்றால், அதைப் பிறருக்கு அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். சாட்சிக்காக அனுப்பினேன் என்ற விளக்கம் காப்பாற்றும் என்று இருக்க வேண்டாம். மானிட்டரை மட்டும் அணையுங்கள், கணினியை அணைக்க வேண்டாம். தள முகவரி, நேரம், கணினி எண் மூன்றையும் தாளில் குறித்து எச்.எம்.மிடம் நேரில் கொடுங்கள். அந்தப் பிள்ளையை வகுப்பு முன்னால் விசாரிக்காதீர்கள். தவறாக ஒரு சொல்லைத் தட்டியதாலும் அந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

யாரோ மிரட்டுகிறார்கள், படம் கேட்கிறார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால், உரையாடலை அழிக்கச் சொல்லாதீர்கள், கணக்கை மூடவும் சொல்லாதீர்கள். புகாருக்கு அவை வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. பணம் பறிபோயிருந்தால் 1930, அதுவும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போலீஸுக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். "பள்ளிக்குப் பெயர் கெடும், பி.டி.ஏ.யில் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தவர் மேலும் வழக்கு வரும்.