தலையில் அடிபட்டு மாதங்களாகியும் தலையிடி விடவில்லையா?
ஸ்கான் சரியாக இருந்தாலும் தலையிடி, தலைச்சுற்று, மறதி நீடிக்கலாம், அது கற்பனையல்ல. இருட்டறையில் நாட்கணக்காகப் படுத்திருந்தால் குணமாவது பிந்தும். வெயில் ஏறமுதல் வெள்ளவத்தை மரைன் டிரைவில் 10 நிமிடம் நடவுங்கள். புறப்படும்போது தலையிடிக்கு 10க்கு எத்தனை என்று புள்ளி போடுங்கள். 2 புள்ளிக்கு மேல் கூடினால் நின்று இளைப்பாறுங்கள். மறுநாள் நேரத்தைக் குறையுங்கள், நடையை மட்டும் விடாதீர்கள்.

காலி வீதி பஸ்ஸில் ஹோர்ன் சத்தமும் பாட்டும் தலையைப் பிளக்கும். நெரிசலில்லாத நேரம் ஏறி, முன்பக்கம் இருந்து, தூரத்தைப் பாருங்கள், போன் வேண்டாம்.

பனடோலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால் அதுவே தலையிடியாகும். படுக்கையில் புரளும்போது தலை சுற்றினால் வைத்தியரிடம் உட்காதைப் பரிசோதியுங்கள். தலையைத் திருப்பிச் செய்யும் சிகிச்சை இருக்கிறது. வலிப்பு, தொடர் வாந்தி, கைகால் விறைப்பு வந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.